முதல் வருட ‘பேபி பேக்கேஜ்’ கட்டப் போகிறவர்கள் படிக்கவும்: 26,500 ரூபாய் போச்சு

26,500 ரூபாய். அம்மா சீட்டு எடுத்து, “குழந்தைச் செலவுக்கு வச்சுக்கோ” என்று என் கையில் கொடுத்த பணம். அதை வாங்கிப் போட்டுக்கொண்ட கடை இன்று மத்தியானம் சொல்கிறது: “அந்த ஸ்கீம் குளோஸ் ஆயிடுச்சு மேடம்.”

மதுரையில் ஓரளவு பெரிய குழந்தைப் பொருள் கடை. பெயர் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். பிரசவத்துக்கு முன்னால் தொட்டில் பார்க்கத்தான் போனோம். கல்லாவில் இருந்த அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஃபேனைத் திருப்பிவிட்டு, தண்ணீர் கொடுத்தார். அப்புறம் கால்குலேட்டரை எடுத்தார். “ஒரு நாளைக்கு எட்டு டயப்பர், ஒண்ணு பத்து ரூபா, மாசம் 2,400. வருஷத்துக்கு டயப்பருக்கே 28,800 ஆச்சு பாப்பா. நாங்க வைப்ஸ், சோப்பு, எண்ணெய், கொசுவலை எல்லாம் சேர்த்தே 26,500தான் வாங்குறோம். மாசா மாசம் வீட்டுக்கே வந்துடும். குழந்தை வளர வளர சைஸ் மாத்தித் தருவோம். என் பேத்திக்கும் இதுதான்.” அந்தப் ‘பேத்தி’யில்தான் எங்கள் வீட்டுக்காரர் ஜிபே-யைத் திறந்தார்.

லேமினேட் செய்த அட்டை ஒன்று கொடுத்தார்கள். பன்னிரண்டு கட்டம், ஒவ்வொரு மாதமும் பொருள் வந்ததும் ஊதா முத்திரை. முதல் கட்டத்தில் மட்டும் முத்திரை இருக்கிறது. மற்ற பதினொன்றும் காலி.

இரண்டாவது மாதம் பெட்டி வரவில்லை. கேட்டால் “கம்பெனியிலிருந்தே ஸ்டாக் வரல”. அடுத்து “ஓனர் திருச்செந்தூர் போயிருக்கார்”. அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போய் நின்றபோது ஒரு பையன் நியூ பார்ன் சைஸ் பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினான். அது ஐந்து கிலோ வரைக்கும்தான். என் பிள்ளை ஆறு கிலோவைத் தாண்டிவிட்டான். “இறுக்கமா இருந்தா பரவால்லக்கா, ஒட்டுற இடத்தைக் கொஞ்சம் தளர்த்திக்குங்க” என்கிறான்! தண்ணீர் கொடுத்த அந்த அம்மா பக்கத்திலேயே பில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்று பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “கேஷ் கிடையாது, வேணும்னா கடையில பொம்மை எடுத்துக்கோங்க”. 26,500 ரூபாய்க்குப் பொம்மையா?

அந்தக் கணக்கே ஏமாற்று. பிறந்த புதிதில்தான் எட்டு, பத்து என்று போகும். மாதம் ஆக ஆகக் குறைந்துவிடும். எங்கள் வீட்டில் பகலில் துணி லங்கோடுதான், டயப்பர் ராத்திரிக்கு மட்டும். குழந்தையின் எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு ஆகும். எந்த மாதம் எந்த சைஸ் என்று பெற்றவளுக்கே தெரியாது, இவர்கள் வருஷத்துக்கும் சேர்த்து வசூல் செய்துவிட்டார்கள். இதில் “ரெண்டு டின் பால் பவுடர் ஃப்ரீ” வேறு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பால் பவுடரை இப்படி இலவசம் காட்டி விற்பதை 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அந்த டின்னும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

எப்படி பட்ஜெட் போடுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பிள்ளை சிணுங்குகிறான், அதனால் சுருக்கமாக:

வருஷத்துக்கும் சேர்த்து யாரிடமும் பணம் கட்டாதீர்கள், மாதா மாதம் வாங்குங்கள். நியூ பார்ன் சைஸ் ஒரு சின்ன பாக்கெட் போதும். அட்டையை நம்பாதீர்கள், ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். எனக்குக் கொடுத்தது அட்டையும் ஒரு துண்டுச் சீட்டும்தான். நல்லவேளை, ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ஏமாந்தவர்கள் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. நான் போகப் போகிறேன்.

தடுப்பூசிக்கும் ‘பேக்கேஜ்’ என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாளை புதன்கிழமை, 14-வது வார ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போகிறோம். பென்டாவேலன்ட், போலியோ, ரோட்டா, நியூமோகாக்கல் எல்லாம் அங்கே இலவசம்.