அலுமினியத்துக்கு என்று விற்ற டிக் வெல்டிங் மிஷினில் ஏசி மின்சாரமே இல்லை: வாங்குவதற்கு முன் தகட்டைப் பாருங்கள்

திருவட்டாறுக்கு அருகே எங்களுக்குச் சிறிதளவு ரப்பர் தோட்டம் உண்டு. ரப்பர் பாலில் ஆசிட் சேர்த்து உறைய வைக்கும் அலுமினியத் தட்டுகள் ஆண்டுக்கணக்கில் புழங்கி, மூலைகளில் விரிசல் விட்டுவிடும். அவற்றை ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) போட மனமில்லாமல், ஓய்வு நேரத்தில் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் ஊசி முனையில் மின்சுடர் எழுப்பி, வாயுப் போர்வைக்குள் உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை) கற்றுக்கொண்டு நானே சரிசெய்யலாம் என்ற ஆசையில், சென்ற ஆண்டு நாகர்கோவிலில் ஒரு கடையில் 200 ஆம்பியர் மிஷின் ஒன்றை 24,500 ரூபாய்க்கு வாங்கினேன். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

அலுமினியத்தில் வெல்டு வைக்க முடியுமா என்று இரண்டு முறை கேட்டேன். "இரும்பு, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம், எல்லாம் ஓடும் சார்" என்றார் கடைக்காரர். அலுமினியத்துக்கு ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம், வேண்டும் என்று படித்திருந்ததால் அதையும் கேட்டபோது, அவர் மிஷினைத் திருப்பி, பின்பக்க விவரத் தகட்டில் இருந்த 'ஏசி 230 வோல்ட்' என்ற எழுத்தை விரல் வைத்துக் காட்டினார். அது சுவரிலிருந்து மிஷினுக்குள் போகும் மின்சாரமே தவிர, கையில் பிடித்து வெல்டு வைக்கும் டார்ச்சுக்கு வரும் மின்சாரம் அல்ல. வீட்டு மிக்ஸியின் அடியிலும் அதே எழுத்து இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. ஒரு எஸ்எஸ் துண்டில் அழகாக ஓட்டியும் காட்டினார். அலுமினியத் துண்டு கைவசம் இல்லை என்று அவர் சொன்னதையும் நான் நம்பினேன்.

அடுத்த மூன்று மாதங்கள் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் சுடரைப் பிடித்தால், மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் சுருங்கிக் கிடக்கும். இணைப்பை நிரப்ப உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பி அதில் கலக்காமல் மணிமணியாக உருண்டு விழும். கரண்டைக் கூட்டினால் தகடு திடீரென்று ஓட்டையாகிவிடும். அசிட்டோன் போட்டுத் துடைத்தேன், எஸ்எஸ் பிரஷால் தேய்த்தேன், 4043 என்ற ரக ஃபில்லர் கம்பியை விட்டு 5356 ரகத்துக்கு மாறினேன். சிலிண்டரில் மிக் என்ற வேறு வகை வெல்டிங்குக்கான கலவை வாயுவை நிரப்பிவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஆனால் அதே வாயுவில் எஸ்எஸ் பளிச்சென்று வந்தது. கோளாறு வாயுவில் இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் மார்த்தாண்டம் பக்கம் பட்டறை வைத்திருக்கும், வயதில் மூத்த ஒரு வெல்டரிடம் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முகப்பை ஒரு முறை பார்த்துவிட்டு, "மக்கா, இதுல ஏசியே கெடையாதுல்லா, நீ என்னத்த மாத்தினாலும் புடிக்காது" என்றார்.

காரணம் எளிதுதான். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருகச் சுமார் 2,070 டிகிரி வேண்டும். டார்ச் நெகட்டிவ் முனையில் இருக்கும் டிசியில் (ஒரே திசையில் பாயும் மின்சாரத்தில்) வெப்பம் தகட்டுக்குள் இறங்கும், ஆனால் அந்தத் தோல் உடையாது. ஆகவே உள்ளே உலோகம் குழம்பாகிவிட, மேலே பை மட்டும் முழுசாக நிற்கும். முனைகளை மாற்றிப் போட்டால் தோல் உடையும், ஆனால் வெப்பத்தின் பெரும்பகுதி டங்ஸ்டனில் ஏறிவிடும் (நான் அதையும் முயன்று, ஊசி முனை உருண்டையாகித் தகட்டில் விழுந்ததைப் பார்த்தேன்). ஏசி இந்த இரண்டு வேலைகளையும் நொடிக்குப் பல முறை மாறி மாறிச் செய்கிறது. ஹீலியம் வாயுவோடு டிசியில் அலுமினியம் செய்யும் முறையும் உண்டு; அது என்னைப் போன்றவர்களுக்கானது அல்ல. அந்த வெல்டர் அண்ணன் தம் மிஷினில் என்னையே ஓட்டச் சொன்னார். சுடரைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் விழுந்து, நடுவில் உலோகம் கண்ணாடிபோலத் திரண்டது. மூன்று மாதத்தில் பார்க்காததைச் சில நொடிகளில் பார்த்தேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் பில்லைக் காட்டினார். அதில் 'டிக் 200' என்று மட்டுமே இருந்தது. அலுமினியம் என்று எங்கும் இல்லை. வாய்ச்சொல்லுக்கு என்னிடம் சாட்சி கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி.

வாங்கப் போகிறவர்கள் மிஷினின் விவரத் தகட்டில் உள்ளே வரும் மின்சாரத்தின் வரியை விட்டுவிட்டு, வெளியேறும் மின்சாரத்தின் வரியைப் பாருங்கள். நேர்கோடும் அதன் அடியில் விட்டுவிட்டுச் சிறு கோடுகளும் மட்டும் இருந்தால் அது டிசி. அலைபோன்ற குறியும் இருந்தால்தான் ஏசி. முகப்பில் ஏசி-டிசி மாற்றும் வசதி இருக்க வேண்டும். அலுமினியத் துண்டை நீங்களே பையில் கொண்டுபோய், உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'ஏசி-டிசி, அலுமினியத்துக்கு ஏற்றது' என்று பில்லில் எழுதித் தர மறுத்தால், அங்கே பணத்தை நீட்டாதீர்கள்.

சென்ற வாரம் அந்தக் கடையின் வழியாகப் போனேன். அதே மாடல் அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: 'அலுமினியமும் ஓடும்.'