சி.ஆர்.பி., ஐ.எல்.-6, டி.என்.எஃப்.: பருமனில் எது சாட்சி, எது காரணம்?

உடல் பருமன் உள்ள பலருக்கு இரத்தத்தில் இன்சுலின் நிறையவே இருக்கும், ஆனாலும் சர்க்கரை இறங்காது. பசியை அடக்க வேண்டிய லெப்டின் ஹார்மோனும் நிறைய இருக்கும், பசி அடங்காது. ஹார்மோன் குரல் கொடுக்கிறது, திசுக்கள் காதில் வாங்குவதில்லை. இன்சுலின் எதிர்ப்பு, லெப்டின் எதிர்ப்பு எனப்படும் இந்த மந்தத்துக்குப் பின்னால் ஓயாத மெல்லிய அழற்சி ஒன்று இருக்கிறது என்று சொல்லும்போது அழற்சியோடு கூடும் மூன்று புரதங்களின் பெயர்கள் அடிபடும்: டி.என்.எஃப். ஆல்ஃபா, ஐ.எல்.-6, சி.ஆர்.பி. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோல் பேசுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

கதை தொடங்கியது டி.என்.எஃப்.-இல். 1993-இல் ஹொட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் என்ற ஆய்வாளர்கள் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் இது மிகுதியாகச் சுரப்பதைக் கண்டார்கள். இதை முடக்கியதும் எலிகளுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது. பருத்த கொழுப்புத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் புரியும். செத்துப்போன ஒரு கொழுப்புச் செல்லைச் சுற்றி நோய் எதிர்ப்புச் செல்களான விழுங்கணுக்கள் கிரீடம்போல வளையமிட்டு நிற்கும். டி.என்.எஃப். பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அப்புறம் நடப்பது செல்லுக்குள். இன்சுலின், செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து அமர்ந்தால் ஐ.ஆர்.எஸ்.-1 என்ற புரதத்தின் டைரோசின் இடங்களில் பாஸ்பேட் ஒட்ட வேண்டும், அப்போதுதான் செய்தி உள்ளே போகும். டி.என்.எஃப். தூண்டிவிடும் நொதிகளோ அதே புரதத்தின் செரின் இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டிவைக்கின்றன. செய்தி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இவ்வளவு தெளிவான வழி இருந்தும், சர்க்கரை நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் இன்சுலினின் வேலை தேறவில்லை. அதோடு இது திசுவுக்குள்ளேயே அதிகம் வேலை செய்வது, இரத்தத்தில் கிடைக்கும் அளவோ மிகச் சொற்பம். காரணங்களில் ஒன்றாக இதை ஒப்புக்கொள்ளலாம். பரிசோதனை எண்ணாக இது உதவாது என்பதே என் கருத்து.

ஐ.எல்.-6 இரண்டு முகம் கொண்டது. எஸ்.ஓ.சி.எஸ்.-3 என்ற புரதத்தை இது ஏற்றிவிடும். அந்தப் புரதம் இன்சுலின், லெப்டின் இரண்டின் சமிக்ஞையையும் தடுக்கும். இரண்டு எதிர்ப்புநிலைகளையும் ஒரே முடிச்சில் கட்டுவதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஆனால் நெடுந்தூரம் ஓடி முடித்தவரின் தசையும் இதைக் கொட்டும், அங்கே இது எரிபொருளைத் திரட்டித் தரும் நல்ல தூது. ஒரே எண் இப்படி இரண்டு பொருள் தந்தால் அதை நம்பி என்ன முடிவெடுப்பது?

சரி, சி.ஆர்.பி.-க்கு வருவோம். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது. ஐ.எல்.-6 சொல்ல, கல்லீரல் சுரக்கிறது. அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 19 மணி நேரம் என்பதால் அளப்பது எளிது. மிகச் சிறிய அளவையும் காட்டும் எச்.எஸ். சி.ஆர்.பி. சோதனையில் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு, 3-ஐத் தாண்டினால் அதிகம். 10-ஐத் தாண்டினால் சளி, காய்ச்சல், காயம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் கூடக்கூட இதுவும் கூடும். ஆய்வகத்தில் இது லெப்டினைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைக் கெடுப்பதையும் 2006-இல் காட்டினார்கள். ஆனால் பிறவியிலேயே சி.ஆர்.பி.-யைக் கூட்டும் மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கு அதனால் இன்சுலின் எதிர்ப்பு கூடவில்லை. நல்ல சாட்சிதான், குற்றவாளி என்று சொல்ல முடியாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அறிக்கையில் சி.ஆர்.பி. 4.2 என்று பார்த்ததும் அந்த எண்ணை இறக்க மாத்திரை தேடுகிறவர்கள் பலர், அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. 2008-இல் வெளியான ஜூபிடர் ஆய்வில் கொலஸ்ட்ரால் மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின் சி.ஆர்.பி.-யை 37 சதவீதம் இறக்கியது. இதயத்துக்கு நல்ல பலனும் தந்தது, அதற்காக எழுதித் தந்திருந்தால் நிறுத்தவே வேண்டாம். ஆனால் அதே ஆய்வில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள், மாத்திரை எடுத்த பக்கத்தில்தான் சற்று அதிகம்.

மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எச்.எஸ். சி.ஆர்.பி.-யைப் பாருங்கள். இரண்டு வார இடைவெளியில் இருமுறை, உடம்பு சுகமாக இருக்கும்போது. இன்சுலின் எதிர்ப்பைத் தெரிந்துகொள்ள வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்து வரும் ஹோமா எண்ணைத் தனியாகப் பாருங்கள். எடை இறங்கும்போது பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும்.