சாளைச் சோறா, கோழிக்கறியா? பூனைக்கு வீட்டிலேயே சமைக்கும்போது

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பூனைச் சாப்பாடு என்றால் சாளையும் (மத்தி மீன்) சோறும்தான். அம்மா சாளையை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து வைப்பார். நானும் பல வருடம் அதையே செய்துவிட்டுக் கோழிக்கறிக்கு மாறினேன். இப்போது என் இரண்டு பூனைகளுக்கும் அதுதான்.

சாளை மலிவு, வாசனைக்கே பூனை ஓடிவரும். ஆனால் தட்டில் பாதிக்கு மேல் சோறு. பூனைக்கு வேண்டியதோ இறைச்சிப் புரதம். பச்சையாகக் கொடுத்தால் சாளையில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், அதனால் அவித்தே ஆக வேண்டும். அவித்தாலும், கொழுப்பு மீனையே தினமும் தின்றால் வைட்டமின் ஈ குறையும். வாரம் ஒரு நாள் போதும்.

கடைத் தீனி? 'முழுமையான உணவு' என்று போட்ட பாக்கெட்டில் சத்துக் கணக்கு சரியாக இருக்கும், வேலையும் மிச்சம். ஆனால் உலர்ந்த தீனியில் ஈரம் சுமார் 10 சதவீதம்தான். என் கடுவன் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கமே போகாது. ஈரமான சாப்பாடு வேண்டும் என்றுதான் கடைத் தீனிக்கு மாறாமல் நானே சமைக்கிறேன்.

கோழிக்கு என் அளவு இது: எலும்பு நீக்கிய தொடைக்கறி 1 கிலோ, ஈரல் 50 கிராம், ஈரலோடு ஒட்டி வரும் இதயங்கள், வெந்த முட்டை ஒன்று. நெஞ்சுக்கறியைவிடத் தொடையிலும் இதயத்திலும் டாரின் என்ற சத்து அதிகம். டாரின் குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். அது நீரில் கரைவதால் கறி வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பிசைகிறேன். அப்படியும் போதாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த டாரின் பொடியும் வைட்டமினும் ஆறிய பிறகு சேர்கின்றன. ஈரலை அளவோடு நிறுத்துங்கள். வைட்டமின் ஏ கூடினாலும் கேடு. வெங்காயம், பூண்டு, வெந்த எலும்பு மூன்றும் கூடவே கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒன்றை விட்டால் மொத்தமும் வீண். கால்சியம்.

முதல் நான்கு மாதம் நான் வெறும் கறியும் ஈரலும்தான் கொடுத்தேன். பளபளவென்று இருந்த குட்டி ஒருநாள் ஜன்னல் திண்டுக்குத் தாவாமல் கீழேயே நின்று கத்தியது. பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது, இடுப்பைத் தொட்டால் சீறியது. எக்ஸ்ரேயில் எலும்புகள் மங்கலாகத் தெரிந்தன. "எலும்புக்கு என்ன கொடுக்கிறீங்க?" என்று மருத்துவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். கால்சியமோ சுமார் 10தான். இரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். காட்டில் எலியை எலும்போடு தின்னும் பூனைக்கு இந்தத் தொல்லை இல்லை. எலும்பை நீக்கிக் கொடுக்கும் நாம்தான் அதை ஈடுகட்ட வேண்டும்.

அதற்கு முட்டை ஓடு போதும். கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, வெறும் வாணலியில் லேசாக வறுத்து, மிக்ஸியில் அரைத்து மெல்லிய துணியில் சலிக்கிறேன். விரலில் எடுத்துத் தேய்த்தால் நரநரக்கக் கூடாது, கோலமாவைவிட நைசாக இருக்க வேண்டும். 1 கிலோ கறிக்குத் தலைதட்டி 1 டீஸ்பூன். பிசைந்ததை மூன்று டப்பாவில் பிரித்து, ஒன்றை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஃப்ரீசரில் போட்டுவிடுவேன்.

இந்த அளவு வளர்ந்த, நோயில்லாத பூனைகளுக்கு நான் கொடுப்பது. குட்டிக்கும் சினைப் பூனைக்கும் கணக்கு வேறு. சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்குப் பாஸ்பரஸே ஆபத்து என்பதால் அங்கே என் அனுபவத்தை நம்ப வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் குட்டிக்கும் தேறும்வரை அவர் சொன்ன கடைத் தீனியைத்தான் கொடுத்தேன். திண்டில் மறுபடி ஏற அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.