அல்டிமார்க் ஜே-பேக்: ஆர்கேட் சிஆர்டி மானிட்டரில் கணினியை இணைக்க இந்தப் பலகை போதுமா?

ஜாம்மா ஒயரிங் (பல ஆர்கேட் கேம் போர்டுகளுக்கும் பொதுவான இணைப்புத் தரம்) உள்ள ஆர்கேட் கேபினெட்டில் கேம் போர்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கணினியை வைக்க நினைப்பவர்கள் முதலில் கேள்விப்படுவது அல்டிமார்க்கின் ஜே-பேக் பலகையைத்தான். இதன் ஒரு விளிம்பு, கேம் போர்டைப் போலவே ஜாம்மா கனெக்டரில் சொருகிக்கொள்ளும். கணினியிலிருந்து விஜிஏ கேபிள் ஒன்றும் யூஎஸ்பி கேபிள் ஒன்றும் இதற்கு வரும். படம் விஜிஏ வழியே கேபினெட்டின் சிஆர்டி (படக்குழாய்) மானிட்டருக்குப் போகிறது. ஜாய்ஸ்டிக், பட்டன், காசு ஸ்விட்ச் எல்லாம் கீபோர்டு அழுத்தங்களாக மாறி யூஎஸ்பி வழியே கணினிக்கு வருகின்றன. கேபினெட்டில் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம். அசல் போர்டை மறுபடி போட வேண்டுமென்றால் இரண்டு நிமிட வேலை.

வாங்கலாமா என்று கேட்டால், ஜாம்மா கேபினெட்டாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இதை ஒரு கன்வெர்ட்டர் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கணினியின் 31 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 31,000 கோடுகள்) படத்தை இது ஆர்கேட் மானிட்டருக்கு வேண்டிய 15 கிலோஹெர்ட்ஸாக மாற்றாது. சரியான அலைவரிசையில் வருவதை மானிட்டருக்கு விடும், தவறானதைத் தடுக்கும், அவ்வளவுதான். 15 கிலோஹெர்ட்ஸ் படத்தை உண்டாக்கும் வேலை முழுக்க கிராபிக்ஸ் கார்டும் ட்ரைவரும் செய்ய வேண்டியது. படம் நன்றாக வருமா வராதா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. அதனால் பலகையை மட்டும் தனியாக மதிப்பிட முடியாது.

மானிட்டரின் கணக்கு எளிமையானது. ஒரு நொடியில் எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறதோ அதை, ஒரு படத்தில் உள்ள மொத்தக் கோடுகளால் பெருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் 240 கோடுகளுடன் தெரியாதவற்றையும் சேர்த்து 262 கோடுகள், நொடிக்கு 60 முறை என்றால் 15,720 ஹெர்ட்ஸ். சாதாரண ஆர்கேட் மானிட்டர் இதை ஒட்டித்தான் ஓடும். கணினி ஆன் ஆனதும் பயாஸ் காட்டும் எழுத்துத் திரையோ 31 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். அது நேராகப் போய்ச் சேர்ந்தால் ஒரே படம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்றாகக் கலங்கித் தெரியும். அப்படியே விட்டுவைத்தால், சில மானிட்டர்களில் கிடைமட்ட ஸ்கேனை ஓட்டும் பவர் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். ஜே-பேக் அந்த நேரத்தில் சிங்க்கை (ஒவ்வொரு கோடும் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் சிக்னலை) நிறுத்திவிடுகிறது. சிங்க் கிடைக்காத மானிட்டர் தன் சொந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். திரை குழம்பியிருந்தாலும் ஆபத்தில்லை. விண்டோஸ் ஏறி 15 கிலோஹெர்ட்ஸ் வந்ததும் படம் தானாக நிலைக்கு வரும். மானிட்டர் தப்புவது இந்த ஒரு வசதியால்தான். இதற்காகவே பலகைக்குக் கொடுக்கும் காசு தகும்.

இரண்டாவது வேலை, வெளிச்சம். விஜிஏவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0.7 வோல்ட்தான் உச்சம். ஆர்கேட் போர்டுகள் அதைப்போல் பல மடங்கு தரும், மானிட்டரும் அதையே எதிர்பார்க்கும். கையால் கேபிள் செய்து நேராக இணைத்தவர்கள் மங்கலான படத்தைப் பார்த்துவிட்டு ஃபிளைபேக்கில் (மானிட்டரின் உயர்மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரில்) உள்ள ஸ்கிரீன் திருகைக் கூட்டிவிடுகிறார்கள். கறுப்பு சாம்பலாகும், குறுக்கே மெல்லிய கோடுகள் தெரியும், படம் மட்டும் பளிச்சென்று ஆகாது. ஜே-பேக்கில் வீடியோ ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது. தனித்தனியாக வரும் கிடைமட்ட, செங்குத்து சிங்க்குகளை ஒன்றாக்கி ஜாம்மாவின் ஒற்றைச் சிங்க் ஒயரில் அனுப்புவதையும் இதுவே செய்கிறது. படம் மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கும் பிரச்சினை பெரும்பாலும் இந்த இணைப்பைத் தப்பாகச் செய்த கேபிள்களில்தான் வரும்.

சொருகும்போது கவனம் வேண்டும். ஜாம்மா 1985-இல் ஜப்பானில் வந்த தரம். விளிம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 பட்டைகள், மொத்தம் 56, இடைவெளி 3.96 மில்லிமீட்டர். பாகங்கள் இருக்கும் பக்கத்தில் 12 சிவப்பு, 13 நீலம், 14 வீடியோ கிரவுண்டு. சால்டர் பக்கத்தில் 12-க்கு நேர் எதிரே பச்சை, 13-க்கு எதிரே சிங்க். ஏழாவது இடத்தில் கனெக்டருக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்க வேண்டும், தலைகீழாகச் சொருகிவிடாமல் தடுப்பது அதுதான். பழைய கேபினெட்டுகளில் அது விழுந்துபோயிருப்பது சகஜம். அந்த நிலையில் பலகையைத் திருப்பிச் சொருகினால் ஆறாவது பட்டையின் 12 வோல்ட் எதிர்ப்பக்கத்து 23-ஆவது பட்டைக்கு, அதாவது இரண்டாம் பட்டனின் உள்ளீட்டுக்குப் போய்ச் சேரும். பலகை அத்தோடு முடிந்தது. பவர் போடும் முன் மல்டிமீட்டரை எடுத்து, பலகை இல்லாத வெறும் கனெக்டரில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் எந்த இடத்தில் வருகின்றன என்று பார்த்து பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. ஏதாவது ஒரு நிறம் மட்டும் வரவில்லையென்றால், கார்டையோ ட்ரைவரையோ சந்தேகிக்கும் முன் கனெக்டரின் உள்பற்களைத் துடைத்துப் பாருங்கள். முப்பது வருடப் பச்சைக் களிம்பு அங்கே இருக்கும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வெல்ஸ்-கார்ட்னர் கே7000, எலக்ட்ரோஹோம் ஜி07 போன்ற மானிட்டர்களின் சர்க்யூட் கிரவுண்டு மின்இணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டதல்ல. அவற்றுக்கு முன்னால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் இருக்க வேண்டும். கேபினெட்டில் பிறவியிலேயே அது இருக்கும். ஆனால் யாரோ ஒருவர் நடுவில் கழற்றியிருந்தால், விஜிஏ கேபிளைச் சொருகிய நொடியில் கணினி, பலகை, மானிட்டர் மூன்றும் போய்விடும். ஜே-பேக் இதிலிருந்து காப்பாற்றாது. அதைப் போலவே, மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது திருகுகளைத் திருப்ப வேண்டிவந்தால் பிளாஸ்டிக் திருப்புளி மட்டும் போதும், இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். படக்குழாயின் மேல் உள்ள ரப்பர் மூடிக்குக் கீழே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும்.

இனி கிராபிக்ஸ் கார்டு. அனலாக் வெளியீடு உள்ள பழைய ஏஎம்டி கார்டுதான் வேண்டும். எச்டி 5450, எச்டி 6450 போன்ற சின்ன கார்டுகளே போதும், 3டி வேகம் இங்கே தேவையில்லை. விஜிஏ சொருகி இல்லாமல் டிவிஐ மட்டும் இருந்தால் உற்றுப் பாருங்கள்: தட்டையான பட்டையைச் சுற்றி நான்கு ஊசித் துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ, அனலாக் வரும். பட்டை மட்டும் தனியாக இருந்தால் டிவிஐ-டி, வராது. ஆர்9 290-இல் அனலாக் இல்லை, ஆர்எக்ஸ் வரிசையில் அறவே இல்லை. டிஜிட்டலை அனலாக்காக்கும் அடாப்டர்கள் பலவும் 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான பிக்சல் வேகத்தை ஏற்பதில்லை. 320 பிக்சல் அகலத்துக்கு வேண்டியதோ ஏறக்குறைய 6.7 மெகாஹெர்ட்ஸ். அகலத்தை 2560 ஆக்கி, செங்குத்தில் மட்டும் 240 கோடுகளாக அனுப்பினால் இது தீரும். சிஆர்டி மானிட்டருக்குக் கோடுகளின் எண்ணிக்கைதான் தெரியும். ஒரு கோட்டுக்குள் எத்தனை பிக்சல் என்பது அதற்குத் தெரியாது, அதனால் படம் மாறாது. அனலாக் கார்டிலும் இதே 2560 முறையைத்தான் பலர் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு கேமுக்கும் தனி அகலம் செய்ய வேண்டியதில்லை என்பதால். 15 கிலோஹெர்ட்ஸ் படம் பெற ஜிபிஎஸ்-8200 பலகையை வாங்குகிறவர்கள் உண்டு. அது எதிர்த் திசையில் வேலை செய்வது: ஆர்கேட் போர்டின் படத்தை விஜிஏ மானிட்டருக்குக் கொண்டுபோகும்.

ட்ரைவர் பக்கம் சிஆர்டி எமுட்ரைவர், மேம் (பழைய ஆர்கேட் கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்) பக்கம் அதன் சிஆர்டி பதிப்பான க்ரூவிமேம். இரண்டும் இலவசம், ஒன்றுக்காக இன்னொன்று செய்யப்பட்டவை. நிறுவும்போது சாதாரண எல்சிடி மானிட்டரை மாட்டிக்கொள்ளுங்கள். மாற்றியமைக்கப்பட்ட ட்ரைவர் என்பதால் விண்டோஸின் கையொப்பச் சோதனையைத் தளர்த்தி, டெஸ்ட் மோடில் போட வேண்டும். செக்யூர் பூட் அணைந்திருக்க வேண்டும். பிறகு ட்ரைவருடன் வரும் விஎம்மேக்கர் கருவியில் மானிட்டர் வகையைத் தேர்ந்து மோடுகளை (அகலம், உயரம், வேகம் சேர்ந்த அமைப்புகளை) உருவாக்கி நிறுவ வேண்டும். ஆர்கேட் மானிட்டர் தன்னைப் பற்றி எந்தத் தகவலும் கணினிக்குச் சொல்லாது. அதனால் அதே கருவியில் ஈடிஐடி எமுலேஷனையும் (மானிட்டர் தரும் அந்தத் தகவலைப் போலியாகக் காட்டுவதையும்) அதற்குரிய வெளியீட்டில் போட்டுவிடுங்கள். இதை மறந்தால் எல்சிடியைக் கழற்றியதும் விண்டோஸ் 'மானிட்டரே இல்லை' என்று நினைத்து ஏதோ ஒரு மோடுக்குப் போய்விடும். ஜே-பேக் அதைத் தடுத்து நிறுத்தும், பார்ப்பவருக்கோ பலகை கெட்டுவிட்டது போலத் தோன்றும். விண்டோஸ் அப்டேட் இந்த ட்ரைவரைத் தானாக மாற்றிவிடாதபடி அதையும் நிறுத்தி வையுங்கள்.

மானிட்டர் வகையில் அவசரப்பட வேண்டாம். 'ஜெனரிக் 15' என்பது 15,625 முதல் 15,750 ஹெர்ட்ஸ் வரை மட்டும். 'ஆர்கேட் 15' மேல்பக்கம் 16,200 வரை போகிறது. அசல் போர்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனி வேகம் கொண்டவை என்பதால் இந்த இடைவெளி தேவைப்படுகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடுவது 59.637 ஹெர்ட்ஸில். நியோ ஜியோ 59.186, ஆர்-டைப் 55.018, மார்ட்டல் காம்பாட் 54.707. பேக்-மேன் 60.606 ஹெர்ட்ஸ், அதை அதன் 264 கோடுகளால் பெருக்கினால் சரியாக 16,000. எல்சிடியில் இவை எல்லாவற்றையும் 60-க்கு இழுத்து ஓட்டும்போதுதான் பின்னணி நகர்வில் அந்தச் சின்னச் சின்னத் தடுக்கல் வருகிறது. க்ரூவிமேம் கேமைத் திறக்கும்போதே அதற்குரிய மோடைப் போட்டுவிடும். ஆர்-டைப்பின் நட்சத்திரப் பின்னணி 55 ஹெர்ட்ஸில் எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால், இவ்வளவு சிரமமும் எதற்கு என்ற கேள்வியே எழாது. உண்மையில் இந்த முழு ஏற்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மோடு மாறும் ஒவ்வொரு முறையும் திரை ஒரு கணம் துள்ளும், அது இயல்பு.

படுக்கைவாக்கில் வைத்த மானிட்டரில் பேக்-மேன் போன்ற செங்குத்து கேம்கள் சிக்கல் தரும். 288 கோடுகள் உயரம் வேண்டும். தெரியாத கோடுகளையும் சேர்த்து 60.606-ஆல் பெருக்கினால் 18 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். க்ரூவிமேம் அப்போது இன்டர்லேஸுக்கு (கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வரையும் முறைக்கு) போகும், படம் நடுங்கும். மானிட்டரைத் திருப்பி வைப்பதுதான் முழுத் தீர்வு. விண்டோஸ் டெஸ்க்டாப்பும் 640க்கு 480 இன்டர்லேஸில்தான் வரும் என்பதால் அதன் நடுக்கத்தைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாமதம் பற்றி: க்ரூவிமேமில் ஃபிரேம் டிலே என்ற அமைப்பு உண்டு, 0 முதல் 9 வரை. 7 வைத்தால் ஒரு ஃபிரேமின் பத்தில் ஏழு பங்கு நேரம் காத்திருந்து, கடைசி நொடியில் பட்டன்களைப் படித்துவிட்டு எமுலேஷனை முடிக்கும். சிபியுவால் முடியாத எண்ணை வைத்தால் ஒலி விட்டுவிட்டு வரும். ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒலி திணறும் இடத்தில் ஒன்று குறைத்துவிடுங்கள்.

படத்தின் இடம் அமைக்கும்போது, அதிகம் ஆடும் கேமை ஓடவிட்டு முதலில் மானிட்டரின் சொந்தத் திருகுகளால் அகல உயரத்தைச் சரிசெய்யுங்கள். மற்ற மோடுகள் தள்ளி நின்றால் அவற்றை மட்டும் ட்ரைவருடன் வரும் ஆர்கேட் ஓஎஸ்டி கருவியில் நகர்த்துங்கள். படத்தின் மேல்விளிம்பு மட்டும் கொடிபோல் ஒருபக்கம் சாய்ந்தால் கிடைமட்ட ஹோல்டு திருகைத் தொட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் சிங்க் துடிப்பின் அகலம் 4.7 மைக்ரோவினாடிக்கு அருகில் இருக்கிறதா என்று மோடில் பாருங்கள்.

கட்டுப்பாடுகள் விஷயத்தில் ஜே-பேக் மேமின் வழக்கமான கீகளோடு வருகிறது, எதையும் அமைக்காமலே ஆடலாம். முதல் ஆட்டக்காரரின் ஸ்டார்ட்டை அழுத்திக்கொண்டு இரண்டாவது ஸ்டார்ட்டைத் தட்டினால் எஸ்கேப். ஆக, கேமை விட்டு வெளியேறத் தனி பட்டன் துளைக்க வேண்டியதில்லை. ஆறு பட்டன் சண்டை கேம்களுக்கு மேல் மூன்றும் ஜாம்மாவில் வரும், கீழ் மூன்றையும் பலகையில் உள்ள கூடுதல் இணைப்புகளுக்குத் தனி ஒயர் இழுத்துக் கொடுக்க வேண்டும். டிராக்பால், ஸ்டீயரிங் இதனால் ஆகாது.

ஒலிக்கும் இதை நம்ப வேண்டாம். கணினியின் ஆடியோ வெளியீட்டுக்கு கேபினெட் ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி இல்லை. ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கி, ஸ்பீக்கரின் முனைகளில் நேராகக் கொடுங்கள். பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபயராக இருந்தால் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை எந்த கிரவுண்டுடனும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் முதல் சத்தத்திலேயே அதன் ஐசி போய்விடும்.

24 அல்லது 31 கிலோஹெர்ட்ஸ் ஏற்கும் பல-அலைவரிசை மானிட்டர் உள்ள கேபினெட் என்றால், இதன் 15 கிலோஹெர்ட்ஸ் காவல் குறுக்கே நிற்கும். அங்கே அதை விலக்கித்தான் பயன்படுத்த வேண்டும், அப்போது மானிட்டரின் வரம்பைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஜாம்மா இல்லாத கேபினெட்டுக்கு இதை வாங்காதீர்கள். அங்கே பட்டன்களைக் கீகளாக மாற்றும் கீபோர்டு என்கோடர் ஒன்றும் வீடியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் தனித்தனியாக வாங்குவதே சரி. ஜே-பேக்கின் பாதி மதிப்பு அந்த 56 பட்டைகளில் இருக்கிறது.