வெண்கூகையா, செங்கூகையா? செம்பனைத் தோட்டத்து எலிக்கு எது சரி

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம் சொந்தமாகப் பத்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருப்பவர்கள் எலிக்கு ஆந்தை வைக்கலாமா என்று பேசினால் இரண்டு பெயர் அடிபடும். எஸ்டேட்டில் எல்லாரும் பார்த்திருக்கும் வெண்கூகை ஒன்று. காட்டோரத்தில் எப்போதாவது தென்படும் செங்கூகை, அதாவது பே அவுல், இன்னொன்று. இரண்டும் ஒரே குடும்பம்தான்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வெண்கூகைக்கு இதய வடிவ வெள்ளை முகம், துணியைக் கிழிப்பது போன்ற கத்தல். செங்கூகை அதைவிடச் சிறியது, செம்பழுப்பு நிறம். கூப்பிட்டால் விசில் சத்தம்.

என் ஓட்டு வெண்கூகைக்கு. செங்கூகையும் எலி பிடிக்கும், ஆனால் பல்லி, பூச்சி, சின்னப் பறவை என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். நம் தோட்டத்து வெண்கூகைக்குச் சாப்பாடு கிட்டத்தட்ட முழுக்க எலிதான்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது கூடு. செங்கூகைக்குப் பெரிய மரத்துப் பொந்து வேண்டும். செம்பனையில் அப்படிப் பொந்து ஏது? இருபத்தைந்து வருஷத்தில் சாய்த்து மறுநடவு செய்துவிடுகிறோம். வெண்கூகையோ பலகைப் பெட்டிக்கும் குடிவரும். 1960களின் கடைசியில் ஜொகூரில் குஞ்சு பொரித்த பறவை பிறகு மலேசியத் தீபகற்பம் முழுக்கப் பரவியதற்குத் தோட்டத்துப் பெட்டிகளே பெரிய காரணம். செங்கூகையைப் பெட்டியில் வளர்த்த தோட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

பெட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். உள்ளே ஒரு தடுப்புப் பலகை வையுங்கள். குஞ்சு இருக்கும் பக்கம் இருட்டாக இருக்கும், வாசல் வழியாக விழவும் விழாது. வெறும் ஜிங்க் கூரை மதிய வெயிலில் கொதிக்கும், அடியில் பலகை கொடுங்கள். கம்பத்தில் பன்னிரண்டு பதினைந்து அடி உயரத்தில் நிறுத்தி, பாம்பு ஏறாமல் கம்பத்தைச் சுற்றி வழவழப்பான தகடு அடியுங்கள். குஞ்சுகள் பறந்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தாக வேண்டும். ஆந்தை கக்கிய எலி முடியும் எலும்பும் கறுப்பு உருண்டைகளாகச் சேர்ந்து, இறுகி, வாசல் மட்டத்துக்கு வந்துவிடும். காலிப் பெட்டியில் தேனீ கட்டியிருக்கலாம், ஏணியில் ஏறுமுன் தட்டிப் பாருங்கள்.

ஒரு பெட்டி சுமார் 10 ஹெக்டருக்கு, அதாவது 25 ஏக்கருக்கு. ஆகவே பத்து ஏக்கர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பெட்டி வைப்பதே நியாயம். சேராவிட்டால் விஷத்தில் கெட்டுப்போகும்: புரோடிஃபாகும், புரோமாடியோலோன் போன்ற கடுமையான எலி மருந்தைத் தின்ற எலி சாகச் சில நாள் ஆகும், அதற்குள் தள்ளாடித் திரியும் எலியை ஆந்தை எளிதாகப் பிடித்துவிடும். பக்கத்துக்காரர் போட்ட மருந்து உங்கள் பெட்டியைக் காலியாக்கும்.

எலி ஏற்கெனவே மிஞ்சிப்போயிருந்தால் ஆந்தையை மட்டும் நம்பாமல் முதலில் வார்ஃபரின் என்ற எலி மருந்துக் கட்டி போடுங்கள். ஆந்தைக்கு ஆபத்து குறைவு. மரத்துக்கு ஒன்று, நாலு நாளைக்கு ஒருமுறை தின்ற இடத்தில் மட்டும் புதுசு. எலி தின்ற கட்டிகள் நூற்றில் இருபதுக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடலாம்.