கடைசிப் புள்ளி: ஆறு வருட டொமைன் பேனல் அனுபவம்

பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்யும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "நீங்க டொமைன் வாங்கின இடத்துலயே நானும் வாங்கலாங்களா? வெப்சைட் ஒரு பக்கம், மெயில் ஒரு பக்கம் வெச்சா ஒத்து வருமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருப்பூரில் எங்கள் லேபிள் யூனிட்டுக்கு வெப்சைட் ஒரு ஹோஸ்டிங்கில், மெயில் வேறொரு நிறுவனத்தில். டொமைன், அதாவது எங்கள் இணையப் பெயர், வாங்கினது மூன்றாவது ஓரிடத்தில். அந்தப் பெயருக்கு வருபவரை எங்கே அனுப்புவது என்ற குறிப்புகளை, அதாவது ரெக்கார்டுகளை, அவர்கள் தரும் பேனல் என்ற பக்கத்தில்தான் எழுதுகிறோம். ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. பிரவுசரில் எங்கள் பெயரை அடிப்பவர் ஏ ரெக்கார்டில் உள்ள ஐபி முகவரிக்குப் போவார். அதே பெயருக்கு வரும் மெயிலுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டுதான் வழி. அதில் எழுதியிருக்கும் சர்வரைத் தேடித்தான் மெயில் போகும். ஒன்றில் கை வைத்தால் மற்றது அசையாது. இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

போன வருடம் வெப்சைட்டை வேறு சர்வருக்கு மாற்றினோம். ஒரு பதிலை மற்ற சர்வர்கள் எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்பதுதான் டிடிஎல். இரண்டு நாள் முன்னாலேயே ஏ ரெக்கார்டின் டிடிஎல்லை 86400-லிருந்து (ஒரு நாள்) 300 நொடிக்குக் குறைத்து வைத்தேன். இரவு 11 மணிக்கு ஐபியை மாற்றினேன். ஐந்தாறு நிமிடத்தில் என் போனில் புதுத் தளம் வந்துவிட்டது. ஒரு மெயில்கூடத் தவறவில்லை. அன்றைக்கு இந்தப் பேனலை மனசாரப் பாராட்டினேன்.

அப்புறம் இந்த வருடம் மெயில் நிறுவனத்தை மாற்றினோம். அவர்கள் கொடுத்த சர்வர் பெயரை அப்படியே எம்எக்ஸ் கட்டத்தில் ஒட்டி சேவ் செய்தேன். பச்சை டிக் வந்தது. வெப்சைட் ஒழுங்காகத் திறந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மறுநாள் மதியம் பையிங் ஹவுஸிலிருந்து போன்: "ஆர்டர் மெயில் திரும்பி வந்துடுச்சுங்க, அப்படி ஒரு சர்வரே இல்லைன்னு வருது."

பேனலில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ரெக்கார்டு வெளியே எப்படித் தெரிகிறது என்று காட்டும் 'dig' கமாண்டில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மெயில் சர்வரின் பெயர் 'காம்' என்று முடிய வேண்டிய இடத்தில், அதன் வாலில் எங்கள் டொமைன் பெயரும் ஒட்டியிருந்தது. கடைசியில் ஒரு புள்ளி வைக்காவிட்டால் அது பாதிப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, பேனல் மீதியைத் தானே சேர்த்துவிடுகிறது.

நியாயமாகச் சொன்னால் விதி பேனலுடையது இல்லை. 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1035 என்ற இணைய விதி ஆவணத்திலேயே இருக்கிறது: புள்ளியில் முடிந்தால் முழுப் பெயர், முடியாவிட்டால் டொமைனைச் சேர்த்துக்கொள். ஆனால் சேர்த்ததைத் திரையில் காட்ட வேண்டாமா? நான் அடித்ததை மட்டும் காட்டிவிட்டு உள்ளே வேறொன்றை எழுதி வைப்பது எந்த ஊர் வழக்கம்? புள்ளியை வைத்த பிறகும் அந்த ரெக்கார்டின் டிடிஎல் 86400. தப்பான பதிலை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சர்வர்கள் ஒரு நாள் வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தன. ஏ ரெக்கார்டுக்குச் செய்ததை எம்எக்ஸுக்கும் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். அது என் தவறு.

டொமைன் விற்றவர்களிடம் புகார் கொடுத்தேன். "புள்ளி வைக்கவும்" என்று ஒரு வரிப் பதில். பேனல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு விஷயத்திலும் இதே கதை. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு போட்டாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறது.

ஆறு வருடத்தில் இவர்களுடைய நேம்சர்வர், அதாவது இந்த ரெக்கார்டுகளை வெளியே சொல்லும் சர்வர், நின்று நான் பார்த்ததில்லை. ரின்யூவல் கட்டணமும் நியாயம்தான். அடுத்த வருடமும் நான் இங்கேயே கட்டுவேன். ஆனாலும் நண்பரே, நீங்கள் வாங்க வேண்டாம். உங்கள் ஆர்டர் எல்லாம் மெயிலில்தான் வருகிறது, பேனலைப் பார்க்கப் போவது உங்கள் பையன்.

வெப்சைட் செய்கிறவர் "நேம்சர்வரை எங்களுக்கு மாத்திக் கொடுங்க" என்று கேட்பார். அதற்கு மட்டும் உடனே தலையாட்டாதீர்கள். நேம்சர்வர் மாறினால் மொத்த ரெக்கார்டுப் பட்டியலும் அவர்கள் கைக்குப் போய்விடும். எம்எக்ஸை அங்கே யாராவது எழுதினால்தான் மெயில் வரும். வெப்சைட்டுக்கு ஏ ரெக்கார்டை மாற்றினாலே போதும். எங்கே வாங்கினாலும் எம்எக்ஸ் போட்ட கையோடு, வெளியிலிருக்கும் ஜிமெயிலிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். அது வந்து சேர்ந்து, பழைய டிடிஎல் நேரமும் கழிந்த பிறகு பழைய மெயில் கணக்கை மூடினால் போதும்.