வாக்குச்சீட்டில் இடமா, வெல்லக்கூடிய ஒரு தொகுதியா, பெரிய கட்சிக்குள் குடியேற்றமா: லிபர்டேரியன் மாநிலக் கட்சிகளின் வழிகள் குறித்து ஓர் அலசல்

அமெரிக்காவின் லிபர்டேரியன் கட்சி 1971 டிசம்பரில் கொலராடோ மாநிலத்தில் தொடங்கப்பட்டது. குறைந்த வரி, குறைந்த அரசுத் தலையீடு, தனிமனித உரிமைக்கு முதலிடம் என்பவை அதன் கொள்கையின் சுருக்கம். அரை நூற்றாண்டு கடந்தும் அக்கட்சியின் பெயரில் போட்டியிட்ட ஒருவர்கூடக் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் எதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் அது தொட்ட உச்சம், 2016இல் கேரி ஜான்சன் பெற்ற ஏறத்தாழ 45 லட்சம் வாக்குகள்; அதுவும் மொத்த வாக்குகளில் 3.3 சதவீதம் மட்டுமே. எனவே அக்கட்சியின் உண்மையான சோதனைக் களம் மாநிலங்களில்தான் இருக்கிறது. சில பத்துத் தொண்டர்களும் மெலிந்த நிதியும் மட்டுமே கொண்ட ஒரு மாநிலக் கிளை, தன் உழைப்பை எங்கே செலவிட வேண்டும் என்ற கேள்விக்கு வெவ்வேறு மாநிலங்கள் வெவ்வேறு விடைகளை முயன்று பார்த்திருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

ஒப்பீட்டுக்கு முன் ஒரு விளக்கம் தேவை. இந்தியச் சட்டமன்றத் தேர்தலில் பத்து முன்மொழிவாளர்களும் பத்தாயிரம் ரூபாய் வைப்புத் தொகையும் இருந்தால் ஒரு சுயேச்சை வேட்பாளரின் பெயர் வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஏறிவிடும். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கத் தேர்தலைப் பார்த்தால் பாதி புரியாது. அங்கே வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெறுவதே தனிப் போராட்டம். அதன் விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு சிறிய கட்சி ஆயிரக்கணக்கான வாக்காளர்களின் கையெழுத்தைத் திரட்ட வேண்டும், அல்லது முந்தைய தேர்தலில் குறிப்பிட்ட சதவீத வாக்குகளைப் பெற்றிருக்க வேண்டும். திரட்டிய கையெழுத்துகளில் முகவரி பொருந்தாதவை, பதிவு செய்யாதவர்கள் இட்டவை என்று கணிசமானவை தள்ளுபடியாகும் என்பதால், தேவைக்கு மேல் பெரும் எண்ணிக்கையில் திரட்டுவது வழக்கம். ஒரு கோடை முழுவதும் கையெழுத்து அட்டையோடு சந்தை வாசலில் நின்ற தொண்டர், செப்டம்பரில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதற்குத் தெம்போடு இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தச் செலவைக் கணக்கில் கொள்ளாமல் வியூகம் பேசுவது வீண்.

முதல் வழி, மாநிலம் தழுவிய ஒரு பதவிக்குப் போட்டியிட்டு, வெற்றியை எதிர்பார்க்காமல், சட்டம் கேட்கும் சதவீதத்தை மட்டும் எட்டுவது. இதில் நன்கு நிலைபெற்ற எடுத்துக்காட்டு இண்டியானா. அங்கே மாநிலச் செயலர் பதவிக்கான தேர்தலில் ஒரு கட்சி 2 சதவீத வாக்குகளைப் பெற்றால் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு அதன் வேட்பாளர்கள் கையெழுத்து திரட்டத் தேவையில்லை. லிபர்டேரியன் கட்சி 1994இல் இந்த வரம்பைத் தாண்டியது. அன்று முதல் அந்த இடத்தைத் தக்கவைத்தும் வருகிறது. மாநிலச் செயலர் தேர்தல் பெரும்பாலோரின் கவனத்தை ஈர்க்காத போட்டி என்பதுதான் இதன் சூட்சுமம். அந்தப் பதவியில் யார் அமர்ந்தாலும் தம் அன்றாட வாழ்வு மாறிவிடாது என்று எண்ணும் வாக்காளர், இரு பெரிய கட்சிகள் மீதுள்ள சலிப்பை அங்கே அச்சமின்றிக் காட்டிவிடுகிறார். இப்படிக் கிடைத்த நிலையான இடம் எதிர்பாராத நேரத்தில் பயன்தந்தது. 2020இல் கொரோனாக் கட்டுப்பாடுகள் மீது எழுந்த அதிருப்தியை ஏந்தி, ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட டொனால்ட் ரெயின்வாட்டர் 11.4 சதவீத வாக்குகளைப் பெற்றார். வாக்குச்சீட்டில் முன்பே இடம் இல்லாதிருந்தால், அந்த ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் தெருவில் நின்று கையெழுத்து திரட்டியா அவர் களத்துக்கு வந்திருக்க முடியும்?

ஆனால் அதே ரெயின்வாட்டர் 2024இல் மீண்டும் போட்டியிட்டபோது 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதிருப்தி வடிந்ததும் வாக்கும் வடிந்தது. மாநிலம் முழுதும் பரவிய 11 சதவீதம் எந்த ஒரு தொகுதியிலும் பெரும்பான்மையாகத் திரளாத வரையில், அது ஒரு சட்டமன்ற இருக்கையாகவும் மாறுவதில்லை.

இந்த வழியின் இன்னொரு பலவீனத்தை நியூயார்க் காட்டியது. 2018இல் ஆளுநர் தேர்தலில் லாரி ஷார்ப் 50,000 வாக்குகள் என்ற அன்றைய வரம்பைத் தாண்டி, அம்மாநிலத்தில் கட்சிக்கு முதன்முறையாக நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தார். 2020இல் மாநில அரசு வரம்பை 1,30,000 வாக்குகள் அல்லது 2 சதவீதம், இவற்றில் எது கூடுதலோ அது என்று உயர்த்தியது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எட்ட வேண்டியிருந்த வரம்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எட்ட வேண்டியதாகவும் ஆக்கியது. கட்சி இடத்தை இழந்தது. ஆளுநர் பதவிக்கு மனு செய்யத் தேவையான கையெழுத்து 15,000இலிருந்து 45,000 ஆனது. 2022இல் ஷார்ப்பின் பெயர் வாக்குச்சீட்டில் ஏறவில்லை. வாக்குகளால் ஈட்டிய இடத்தை, எதிரணியினர் இயற்றிய ஒரு சட்டத்தின் சில வரிகள் பறித்துவிட்டன. வாக்குச்சீட்டு இடத்தையே கட்சியின் முதன்மைச் சொத்தாக எண்ணுவோர், அந்தச் சொத்தின் பத்திரம் போட்டியாளரின் பெட்டிக்குள் இருப்பதை மறந்துவிடக் கூடாது.

இதே வழியின் மூன்றாவது முகம் ஜார்ஜியா. அங்கே வெற்றிக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். இல்லையெனில் முதல் இருவருக்கிடையே இரண்டாம் சுற்று. 2020இல் காங்கிரசின் மேலவையான செனட்டுக்கு நடந்த தேர்தலில் லிபர்டேரியன் வேட்பாளர் ஷேன் ஹேசல் 2.3 சதவீதம் பெற, குடியரசுக் கட்சியின் டேவிட் பெர்டியூ 49.7 சதவீதத்தில் நின்றார். 2021 ஜனவரியில் நடந்த இரண்டாம் சுற்றில் தோற்றார். அன்றைய முடிவுகளால் செனட்டின் பெரும்பான்மையே கைமாறியது. 2022இல் சேஸ் ஆலிவர் 2.1 சதவீதம் பெற்று மீண்டும் ஓர் இரண்டாம் சுற்றுக்கு வழிவகுத்தார். நாடே திரும்பிப் பார்த்தது என்பது உண்மை. ஆயினும் இந்தப் புகழால் மாநிலக் கட்சிக்குக் கிடைத்தது என்ன? மாநிலம் தழுவிய பதவிகளுக்கு எளிதாக வேட்பாளரை நிறுத்தும் அதே கட்சி, காங்கிரஸ் கீழவைத் தொகுதியில் நிறுத்த வேண்டுமெனில் அத்தொகுதி வாக்காளர்களில் 5 சதவீதத்தினரின் கையெழுத்தைப் பெற வேண்டும் என்ற 1943ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது. வாக்கைப் பிரித்தவர் என்ற பெயர் பேச்சுவார்த்தைக்கு ஒரு பிடியாகும் என்று சிலர் வாதிடுவர். பேரம் பேச மறுபக்கம் ஒருவர் மேசைக்கு வந்தால்தானே அது பிடி? எனக்குத் தெரிந்தவரை அப்படி யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் வழி இதற்கு நேர் எதிரானது. மாநிலத்தை மறந்துவிட்டு, வெல்லக்கூடிய ஒரே ஒரு தொகுதியில் எல்லாத் தொண்டர்களையும் இறக்குவது. இதன் பழைய சான்று அலாஸ்கா. முன்பு குடியரசுக் கட்சியின் சார்பில் அவையில் இருந்தவரும், ஃபேர்பேங்க்ஸ் நகரில் நன்கு அறிமுகமானவருமான டிக் ராண்டால்ஃப், 1978இல் லிபர்டேரியனாக மாநிலக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1980இல் அவரும் கென் ஃபேனிங்கும் வென்றனர்; 1984இல் ஆந்த்ரே மரூ வென்றார். அவையில் ஓரிருவர்தாம் என்றாலும், 1980இல் அலாஸ்கா மாநில வருமான வரியையே ஒழித்ததில் ராண்டால்ஃபின் இயக்கத்துக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. எண்ணெய் வருவாய் கருவூலத்தில் கொட்டிய காலம் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். காலியான கருவூலத்தின் முன்னே அதே கோரிக்கை அவ்வளவு எளிதில் நிறைவேறியிருக்காது.

அண்மைச் சான்று வயோமிங். 2020இல் அம்மாநிலக் கீழவையின் 39ஆம் தொகுதியில் மார்ஷல் பர்ட் வென்றார். ரயில்பாதை ஆய்வாளராகப் பணியாற்றியவர். முன்னாள் கடற்படைத் தரைவீரர். அவர் தோற்கடித்தது பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினரை. இந்த வெற்றியை விளக்க அவருடைய உழைப்பு மட்டும் போதாது. அந்தத் தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளரை நிறுத்தவே இல்லை என்பதே விளக்கத்தின் பெரும்பகுதி. வயோமிங் குடியரசுக் கட்சியின் கோட்டை. அங்கே ஜனநாயகக் கட்சிக்கு மாற்று தேடிய வாக்காளருக்கு வாக்குச்சீட்டில் இருந்த ஒரே பெயர் பர்ட்டினுடையது. 2022இல் குடியரசுக் கட்சி வேட்பாளரை நிறுத்தியது, பர்ட் தோற்றார்.

இதைச் சிலர் தற்செயல் என்று ஒதுக்குகின்றனர். நான் அப்படிக் கருதவில்லை. அதிக வாக்கு பெற்ற ஒருவரே வெற்றி பெறும் முறையில், மூன்றாம் கட்சியை அழுத்துவது அதன் கொள்கையைவிட, மூன்றாவதாக நிற்கும் அதன் இடம்தான். இருமுனைப் போட்டியில் அதே கட்சி இரண்டாவதாகிவிடுகிறது. வாக்கு வீணாகிவிடும் என்ற அச்சம் வாக்காளரிடம் எழ இடமில்லை. அமெரிக்க மாநில அவைகளில் இரு பெரிய கட்சிகளில் ஒன்று வேட்பாளரை நிறுத்தாமல் விடும் தொகுதிகள் ஒவ்வொரு தேர்தலிலும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் பட்டியலிட்டு, அங்கே வாழ்பவரும் அக்கம்பக்கத்தில் அறிமுகமானவருமான ஒரு வேட்பாளரை ஓராண்டு முன்பே தயார் செய்வது எந்த மாநிலக் கிளைக்கும் எட்டக்கூடிய வேலை. இண்டியானாவைப் போலக் கட்சி மாநாட்டிலேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ள இடங்களில், உட்கட்சித் தேர்தலுக்கான செலவும் மிச்சமாகிறது.

மூன்றாம் வழி கட்சியின் பெயரையே விட்டுக்கொடுப்பது. 2001இல் ஜேசன் சோரென்ஸ் என்ற அரசியல் அறிவியல் ஆய்வு மாணவர், சுதந்திர விரும்பிகள் 20,000 பேர் ஒரே சிறிய மாநிலத்தில் குடியேற வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். ‘ஃப்ரீ ஸ்டேட் ப்ராஜெக்ட்’ என்ற அந்த இயக்கம் 2003இல் வாக்கெடுப்பின் மூலம் நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தது. 2016இல் உறுதிமொழிக் கையெழுத்துகள் 20,000ஐ எட்டின. உறுதி அளித்த அனைவரும் பெட்டி படுக்கையோடு வந்துவிடவில்லை என்றாலும், வந்தவர்களுக்கு அம்மாநிலத்தின் அமைப்பு பெருவாய்ப்பாக அமைந்தது. ஏறத்தாழ 14 லட்சம் மக்களுக்குக் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஆண்டுச் சம்பளம் 100 டாலர். ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக 3,500 பேர் என்னும்போது, பணம் இல்லாத வேட்பாளரும் தன் வாக்காளர்களை நேரில் சந்தித்து முடித்துவிடலாம்.

குடியேறியவர்களில் பலர் குடியரசுக் கட்சியின் சார்பிலும், சிலர் ஜனநாயகக் கட்சியின் சார்பிலும் போட்டியிட்டனர். குடியேறி வந்தவரான ஜேசன் ஆஸ்போர்ன் கீழவையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராகவே உயர்ந்தார். 2017இல் உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி, 2021இல் பள்ளிக் கல்விக்கான அரசுப் பணத்தைப் பெற்றோர் தாம் தேர்ந்த கல்விக்குச் செலவிட உதவும் கணக்குத் திட்டம், 2025 தொடக்கத்தில் வட்டி மற்றும் ஈவுத்தொகை மீதான வரி நீக்கம் என்று லிபர்டேரியன்கள் விரும்பிய சட்டங்கள் வரிசையாக வந்தன. அவை அனைத்தும் குடியேறியவர்களால் மட்டுமே வந்தவை என்று கூறுவது மிகை. குடியரசுக் கட்சிக்கே அவற்றில் நாட்டம் இருந்தது. ஆயினும் வேறெந்த மாநிலத்திலும் லிபர்டேரியன் கட்சி இந்த அளவு சட்டப் பயனை நெருங்கியதில்லை.

அதே மாநிலத்தில் லிபர்டேரியன் கட்சியின் சொந்த நிலை என்ன? 1992இல் அதன் பெயரில் நால்வர் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். பின்னர் அந்தப் பெயர் மங்கியது. 2016இல் ஆளுநர் தேர்தலில் 4 சதவீத வரம்பைத் தாண்டி வாக்குச்சீட்டு இடத்தை மீட்டது. 2018இல் மீண்டும் இழந்தது. உழைக்கக்கூடியவர்கள் அனைவரும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் முனைப்பாக இருக்க, தனிக் கட்சிக்கு யார் கதவு தட்டுவது? கொள்கை வென்று கட்சி மெலிந்த இடம் இது.

இந்த வழியின் ஆபத்தைக் காட்ட க்ராய்டன் என்ற சிற்றூர் போதும். ஏறத்தாழ 800 பேர் வாழும் அந்த ஊரில், 2022 மார்ச்சில் நடந்த ஊர்க்கூட்டத்தில், ஃப்ரீ ஸ்டேட் இயக்கச் சார்புள்ள ஒரு நிர்வாகி பள்ளி வரவு செலவை 17 லட்சம் டாலரிலிருந்து 8 லட்சமாகக் குறைக்க முன்மொழிந்தார். 20க்கு 14 என்ற வாக்கில் அது நிறைவேறியது. அதிர்ந்த பெற்றோர்கள் வீடு வீடாகச் சென்று மக்களைத் திரட்டினர். மே மாதச் சிறப்புக் கூட்டத்தில் 377க்கு 2 என்ற வாக்கில் அந்த முடிவு தூக்கி எறியப்பட்டது. வெறிச்சோடிய கூட்டத்தில் வென்ற தீர்மானம், ஊரே கூடியதும் இரண்டு வாக்குகளாகச் சுருங்கியது. அடித்தளப் பணியை அந்த ஊரில் திறம்படச் செய்து காட்டியவர்கள் லிபர்டேரியன்கள் அல்லர், அவர்களை எதிர்த்தவர்கள்.

பென்சில்வேனியாவில் கையாளப்படும் நான்காவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாக்குச்சாவடி ஆய்வாளர், ஊர்த் தணிக்கையாளர் போன்ற, பெரிய கட்சிகள் கண்டுகொள்ளாத பதவிகளுக்கு வாக்குச்சீட்டில் பெயரைக் கையால் எழுதச் செய்தே வெல்வது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் எண்ணிக்கை கட்சி அறிக்கையில் அழகாகத் தெரியும். பயிற்சிக் களமாக அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரு தெருவின் வாக்குச்சாவடியை மேற்பார்வையிடும் பொறுப்பில் எந்த வரியையும் குறைக்க முடியாது.

தேர்தல் முறையே மாறினால் இவை எல்லாம் தேவையற்றுப் போகும் என்று நம்புவோரும் இருக்கின்றனர். அலாஸ்காவில் 2022 முதல், வாக்காளர் வேட்பாளர்களை முதல், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை வாக்கு முறை நடைமுறையில் உள்ளது. வாக்கு வீணாகும் என்ற அச்சம் அங்கே பெருமளவு நீங்கிவிட்டது. அந்த ஆண்டு காங்கிரஸ் கீழவைக்கான இறுதி நால்வரில் ஒருவராக நின்ற லிபர்டேரியன் கிறிஸ் பை பெற்றது 1.7 சதவீதம். அச்சம் நீங்கினால் கொட்டும் என்று எண்ணிய வாக்குகள், உண்மையில் அந்த அளவுக்கு அங்கே இருக்கவில்லை.

என் மதிப்பீட்டில், இந்த வழிகளுள் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பாதி விடையை மாநிலச் சட்டம் முன்பே எழுதிவிடுகிறது. இண்டியானாவைப் போல வரம்பு தாழ்ந்த மாநிலத்தில், அந்த ஒரு பதவிக்கு மட்டும் மாநிலம் தழுவிய வேட்பாளரை நிறுத்தி இடத்தைத் தக்கவைத்துக்கொண்டு, மீதி உழைப்பு முழுவதையும் ஒரு பெரிய கட்சி விலகி நிற்கும் இரண்டு மூன்று தொகுதிகளில் கொட்டுவதே பொருத்தம். நியூ ஹாம்ப்ஷயரைப் போலச் சிறு தொகுதிகள் நிறைந்த இடத்தில், சட்டங்களை மாற்றுவதே நோக்கம் என்றால் பெரிய கட்சிக்குள் நுழைவது விரைவான வழி. கட்சியின் பெயரைக் காப்பது நோக்கம் என்றால் அதே வழி கட்சிக்கு நஞ்சு. இவ்விரண்டில் எது தம் நோக்கம் என்பதை ஒரு கிளை தன் மாநாட்டில் வெளிப்படையாக வாக்கெடுத்துத் தீர்மானித்துவிட்டால், பின்னால் வரும் பாதிச் சண்டை குறையும். நியூயார்க்கைப் போன்ற மாநிலத்தில் 45,000 கையெழுத்துக்காகத் தொண்டர்களைக் களைப்பாக்குவதைவிட, மாநிலம் தழுவிய போட்டியைச் சில தேர்தல்களுக்கு ஒத்திவைத்து, குறைந்த கையெழுத்து போதுமான நகரசபை, ஊராட்சிப் பதவிகளில் நிற்பது மேல். ஆளுநர் வேட்பாளர் இல்லாத ஆண்டில் நன்கொடை குறையும் என்று பொருளாளர் எதிர்ப்பார். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. மெலிந்த நிதியோடு ஊராட்சித் தேர்தலை நடத்தும் கணக்கை அவரிடமே முதலில் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.